‘செக்’: பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் இருக்கிறது என்று காட்ட ‘செக்’ என்ற சொல்லை எடுத்திருந்தீர்கள். நல்ல தேர்வு. வங்கிக் காசோலை, சரிபார்ப்பது, தடுத்து நிறுத்துவது, செஸ் ஆட்டத்தில் ராஜாவுக்கு வரும் ஆபத்து, கட்டம் போட்ட துணி, அமெரிக்க ஓட்டல்களில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில் என்று எண் போட்டு வரிசையாகக் கொடுத்துவிட்டு, கீழே ஒரு பெட்டிச் செய்தியில் ‘இவற்றுக்குள் தொடர்பு எதுவும் இல்லை, மனப்பாடம் செய்வதுதான் வழி’ என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பெட்டிச் செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். தொடர்பு இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. அந்த அத்தனை பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர், பாரசீக மொழியில் அரசரைக் குறிக்கும் ‘ஷா’.

நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறவள். ஒட்டும் உறவும் இல்லாத பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் செய்வார்கள், பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் போவார்கள். அதையே ஒரு கதையாகக் கோத்துச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பையன்கூட “அப்புறம் என்ன ஆச்சு மிஸ்?” என்று கேட்கிறான். அதனால் இதை யாரோ மொழி ஆராய்ச்சிக்காரர்களின் தகராறு என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

கதை நம் நாட்டில்தான் ஆரம்பிக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையையும் கட்டங்களில் நிறுத்தி ஆடிய சதுரங்கம், கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. அங்கே அதன் பெயர் ‘சத்ரங்’ ஆனது. பாரசீகத்தை அரபுகள் வென்றபோது ஆட்டம் அவர்கள் கைக்குப் போய், அவர்கள் நாக்குக்கு ஏற்றபடி ‘ஷத்ரஞ்ச்’ என்று மாறியது. அரபுகளிடமிருந்து ஸ்பெயின் வழியாகவும் இத்தாலி வழியாகவும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஸ்பானியர்கள் இன்றைக்கும் அந்த ஆட்டத்தை ‘அஹெத்ரெஸ்’ என்கிறார்கள், அது ஷத்ரஞ்சின் நேர் வாரிசு, ஆகவே நம் சதுரங்கத்தின் பேரப்பிள்ளை. ஆனால் மற்ற பல ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆட்டத்தின் நடுவே திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரு கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எதிராளியின் ராஜாவைக் குறிவைத்துக் காய் நகர்த்தியதும் ‘ஷா!’ என்று சொல்ல வேண்டும், உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். அந்த ‘ஷா’தான் இத்தாலியில் ‘ஸ்காக்கி’, ஜெர்மனியில் ‘ஷாக்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றெல்லாம் ஆட்டத்துக்கே பெயரானது. பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தை ஆளப் போனபோது சொல்லும் கூடவே போனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் ஒருமையிலிருந்து ஆங்கிலத்துக்கு ‘செக்’ கிடைத்தது, பன்மையிலிருந்து ‘செஸ்’ கிடைத்தது. ஆக, செஸ் என்றாலே ‘ராஜாக்கள்’ என்றுதான் அர்த்தம் வருகிறது!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ‘ஷா’வின் பழைய வடிவம், மன்னர் டாரியஸ் காலத்துப் பாரசீகக் கல்வெட்டுகளில் ‘க்ஷாயதிய’ என்று இருக்கிறது. ஆளுதல் என்ற பொருள் கொண்ட அந்த வேர்தான் சமஸ்கிருதத்தில் ‘க்ஷத்ர’ என்பதிலும் இருக்கிறது. அதாவது நாம் ‘சத்திரியர்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லும், ஏ.டி.எம். வாசலில் “செக் புக் வந்துடுச்சா சார்?” என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லும் தூரத்துப் பங்காளிகள். டெல்லி பாதுஷாவின் ‘ஷா’வும் அதே வீட்டு ஆள்தான்.

சரி, ராஜா எப்படித் தடுப்பாகவும் சரிபார்ப்பாகவும் மாறினார்? செஸ் ஆடத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். செக் வைத்துவிட்டால் எதிராளிக்கு மூன்றே வழிதான்: ராஜாவை நகர்த்தலாம், நடுவில் ஒரு காயை வைத்து மறிக்கலாம், தாக்கிய காயை வெட்டலாம். அந்த நேரத்தில் அவர் மனதில் எவ்வளவு பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருந்தாலும், அடுத்த நகர்த்தலில் ராணியையே வெட்டும் வாய்ப்பு இருந்தாலும், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு முதலில் ராஜாவைக் கவனித்தாக வேண்டும். அந்த ‘அப்படியே நில்’ என்ற உணர்வுதான் பலகையிலிருந்து இறங்கி ஆங்கிலப் பேச்சுக்குள் போனது. ‘செக்’ என்றால் சட்டென்று ஒரு தடை, முன்னேற்றத்துக்கு ஒரு முட்டுக்கட்டை, பிறகு அடக்கி வைப்பது, கட்டுக்குள் வைப்பது. நம் ஊர் ஓடைகளில் கட்டுகிற தடுப்பணையை எல்லோரும் ‘செக் டேம்’ என்றுதானே சொல்கிறோம்? அது எதையும் சரிபார்ப்பதில்லை. ஓடி வருகிற தண்ணீரைப் பார்த்து நில் என்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்கிறார்களே, நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம் மூன்றும் ஒன்றை ஒன்று மிஞ்சிப் போகாமல் பிடித்து வைப்பது, அங்கேயும் இதே பொருள்தான். மாநில எல்லையில் இருக்கும் செக் போஸ்ட்டில் இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன, லாரியை நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகு சரக்கையும் காகிதத்தையும் சரிபார்க்கிறார்கள்.

‘செக்மேட்’டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஷா மாத்’ என்பதிலிருந்து வந்தது. ‘ராஜா செத்தார்’ என்று அரபு வழியாகப் பொருள் சொல்வதுதான் பரவலாக இருக்கிறது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் செஸ்ஸில் ராஜா சாவதே இல்லை. மற்ற எல்லாக் காயையும் வெட்டி ஓரமாகப் போடலாம், ராஜாவை வெட்ட முடியாது. அவர் தப்பிக்க வழியில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. தெருத்திண்ணையில் ஆடும் பிள்ளைகள் செக் வைக்கும்போது நாலு வீடு கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். போட்டிகளில் அப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி கிடையாது, பெரிய ஆட்டக்காரர்கள் சத்தமில்லாமல் காயை வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்துவதோடு சரி. சொல்லே பிறந்தது அந்தக் கூப்பாட்டில்தான் என்றாலும் இன்றைக்குப் போட்டி அரங்கத்தில் அது காதில் விழுவதில்லை.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வகுப்பில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்வதும் இதைத்தான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. மாவட்டத்துக்கு மாவட்டம் அரசருக்கு வரி வசூலித்த ‘ஷெரீஃப்’ என்ற அதிகாரிகள், ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டியும், அரசரின் கணக்குச் சபைக்கு வந்து பணத்தையும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சபையின் நடுவில் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை. அதன்மேல் விரித்த கறுப்புத் துணியில் கோடுகள் கிழித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு வரிசை பென்ஸுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு. ஒரு ஷெரீஃப் 147 பவுண்டு, 8 ஷில்லிங், 3 பென்ஸ் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழியில் சோழி போடுவது மாதிரி நூறு பவுண்டு வரிசையில் 1 வில்லை, இருபது பவுண்டு வரிசையில் 2, பவுண்டு வரிசையில் 7, ஷில்லிங்கில் 8, பென்ஸில் 3 என்று வைப்பார்கள். அவர் உண்மையில் கொண்டுவந்த தொகையை அதற்குக் கீழே அதேபோல வைத்து, மேலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். ரோமன் எண்களில் எழுதிக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு சிரமம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆனால் மேஜையில் வில்லைகளை வைத்து எடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபுக்கும் தன் கணக்கு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட முடியும்.

கட்டம் போட்ட துணி, அதன்மேல் நகரும் வில்லைகள், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள். பார்க்கிறவர்களுக்கு இது எதை நினைவுபடுத்தியிருக்கும்? செஸ் பலகையைத்தான். அப்போது செஸ் பலகைக்குப் பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். அந்தப் பெயர் மேஜைக்கு வந்து, மேஜையிலிருந்து சபைக்கு வந்து, சபையிலிருந்து அரசுக் கருவூலத்துக்கே பெயரானது. பிரிட்டன் நிதியமைச்சரை இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்களே, அந்த எக்ஸ்செக்கர் இதுதான். அரசருக்குப் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில், இந்தச் சபை நடக்கும் விதத்தை லத்தீனில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். செஸ் பலகையில் இரண்டு ராஜாக்களுக்கு நடுவே போர் நடக்கிறது, இங்கே பொருளாளருக்கும் கணக்கு ஒப்பிக்கிற ஷெரீஃபுக்கும் நடுவே போர் நடக்கிறது என்று அவரே விளக்குகிறார். பெயர்க்காரணத்தை அந்த இடத்தில் வேலை பார்த்தவரே எழுதி வைத்துவிட்டுப் போவது சொல் வரலாற்றில் அபூர்வம், அதனால்தான் இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

பணம் கட்டியதற்கு ரசீது காகிதத்தில் கிடையாது. ஒரு மரக்குச்சியை எடுத்து, தொகைக்கு ஏற்ப வெட்டுக்குறி போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குப் பெருவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு விளைந்த வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒன்றைக் கட்டியவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதைச் சபை வைத்துக்கொள்ளும். யாராவது ஏமாற்றி ஒரு வெட்டைக் கூட்டினால் இரண்டு பாதியையும் சேர்த்து வைக்கும்போது குறி ஒத்துவராது. கையில் இருப்பதை அதன் ஜோடியோடு பொருத்திப் பார்ப்பது என்ற வழக்கம் அந்த அலுவலகத்தில் அவ்வளவு பழையது. அந்தக் குச்சிகள் 19ஆம் நூற்றாண்டு வரை மலைபோலக் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று அவற்றைப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ பரவி, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போனது. இந்த இடம் வந்தால் வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது வங்கிக் காசோலைக்கு வருவோம். 1700களின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு கிடையாது, அந்தச் சீட்டின் அடிக்கட்டைதான் செக். மோசடியைத் தடுக்கிறது, சீட்டைத் திருத்தியிருக்கிறார்களா என்று பொருத்திப் பார்க்க உதவுகிறது, அதனால் அதற்கு அந்தப் பெயர். பிறகு அடிக்கட்டை வைத்த சீட்டுக்கே பெயர் தாவிக்கொண்டது. முதலில் அதையும் சி, எச், இ, சி, கே என்றே எழுதினார்கள். ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் பிரிட்டனில் கடைசியில் க்யூ, யு, இ வந்து ஒட்டிக்கொண்டது, 19ஆம் நூற்றாண்டில் அதுவே நிலைத்தது. அமெரிக்காவில் இன்றைக்கும் பழைய எழுத்துக்கூட்டுதான். நாம் பிரிட்டன்காரர்களிடமிருந்து வங்கியைக் கற்றதால் க்யூ போடுகிறோம், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டு மாறியதைப் பார்த்துவிட்டு இரண்டும் வேறு வேறு சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியே இல்லை, என் சிறுவயதில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

காசோலைக்கு வேறொரு பிறப்புக் கதையும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரபு வணிகர்கள் ‘ஸக்’ என்ற எழுத்துமூல உறுதிச்சீட்டைப் பயன்படுத்தினார்கள், அதுவே ஐரோப்பாவுக்குப் போய் ‘செக்’ ஆனது என்பார்கள். ஸக் என்ற சீட்டு இருந்தது உண்மை, ஒரு ஊரில் எழுதி வாங்கி இன்னொரு ஊரில் பணம் பெறும் அளவுக்கு அந்த வணிகம் வளர்ந்திருந்ததும் உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் ‘செக்’ முதலில் அடிக்கட்டையைத்தான் குறித்தது என்பது தெரியும்போது, அது அரபுச் சீட்டின் பெயரிலிருந்து வந்தது என்பதை எப்படி ஏற்பது? அகராதிக்காரர்கள் பெரும்பாலும் செஸ் பலகையின் பக்கமே நிற்கிறார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, வழியில் அந்தச் சொல் எந்தெந்த ஊரில் எந்தப் பொருளில் தங்கியது என்று காட்ட முடிய வேண்டும்.

கட்டம் போட்ட துணிக்கும் வேர் அதே செஸ் பலகைதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் நிற நூலும் வெள்ளை நூலும் பட்டை பட்டையாக ஓடும், குறுக்கே போகும் ஊடையிலும் அதே மாதிரி மாற்றி மாற்றிக் கோத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் விழும். நிறமும் நிறமும் சந்திக்கும் இடத்தில் அடர்த்தியாக, வெள்ளையோடு சேரும் இடத்தில் வெளிறலாக. இங்கே நமக்குப் பெருமைப்பட உண்மையான காரணம் ஒன்று உண்டு. உலகத்துத் துணிக்கடைகளில் ‘மெட்ராஸ் செக்’ என்று ஒரு வகையே இருக்கிறது. கைலிக்கு நாம் நெய்கிற அதே கட்டத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. செயின்ட் லூசியாவிலும் டொமினிகாவிலும் பெண்களின் பாரம்பரிய உடையிலேயே மெட்ராஸ் துணி இருக்கிறது, தலையில் கட்டுகிறார்கள், பாவாடையாக உடுத்துகிறார்கள். 1960 வாக்கில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக் சட்டை ஃபேஷனானபோது, துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். ஊர் பேர் நம்முடையது, துணி நம்முடையது, நெய்த கை நம்முடையது, ‘செக்’ மட்டும் பாரசீகத்திலிருந்து பிரான்ஸ் வழியாக வந்தது. இதைச் சொல்வதால் நமக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செஸ் நம்முடையது, ஆகவே செக், செக்மேட் எல்லாமே நம் சொற்கள்தான் என்று ஆரம்பித்து, செக்கு ஆட்டுவதிலிருந்து ‘செக்’ வந்தது என்கிற வரைக்கும் வாட்ஸ்அப்பில் வருகிறது. விசுவநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து, 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனது வரை, சென்னைக்கு செஸ் உலகத்தில் இருக்கிற இடத்தை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பெருமைக்குப் பொய்யான சொல் வரலாறு தேவையே இல்லை. ஆட்டம் ஒரு வழியில் போகும், அதன் பெயர் வேறு வழியில் போகும். ஆங்கிலத்துக்கு உண்மையாகவே தமிழ் கொடுத்த சொற்கள் இருக்கின்றன: கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆனது. இவற்றுக்கு எழுத்துச் சான்று இருக்கிறது, அகராதிகளில் தமிழ் என்றே போட்டிருக்கிறது. இவற்றைச் சொல்லிக்கொடுப்போம். டென்னிஸ் செய்திகளில் ‘செக் வீராங்கனை’ என்று போடுகிறீர்களே, அந்தச் ‘செக்’குக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் கிடையாது. அது அந்த நாட்டு மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், தமிழில் எழுதும்போது மட்டும் ஒன்றாகத் தெரிகிறது. இதுவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், எல்லா ஒற்றுமையும் உறவாகிவிடாது.

மற்ற பொருள்களை வேகமாகத் தாண்டிவிடலாம். அடிக்கட்டை, அடையாளச் சீட்டு என்ற பொருளிலிருந்துதான் அமெரிக்க ஓட்டல் ‘செக்’ வந்தது. பேஸ்பால் பார்க்கப் போய் மழையில் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு ‘ரெயின் செக்’. ரயிலில் டிக்கெட் செக்கர், விமான நிலையத்தில் செக்-இன், எல்லாமே பொருத்திப் பார்ப்பதுதான். ‘செக்லிஸ்ட்’டுக்கு மட்டும் ஒரு நிமிடம் நிற்கலாம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானத்தின் சோதனை ஓட்டம். அனுபவமுள்ள விமானிகள்தான். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாமல் இருக்கப் போட்டு வைத்த பூட்டை விடுவிக்காமலே மேலே கிளப்பிவிட்டார்கள், விழுந்து எரிந்தது, இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கிளம்புமுன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் விமானிகளுக்குப் பழக்கமானது. இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வரை அது வந்துவிட்டது.

உங்கள் பட்டியலில் விட்டுப்போன ஒரு பொருளும் இருக்கிறது, அது உங்கள் முதல் பக்கத்திலேயே அடிக்கடி இருக்கிறது. ‘ஆளுங்கட்சிக்கு செக் வைத்த எதிர்க்கட்சி’, ‘கூட்டணிக்குள் செக்’ என்றெல்லாம் தலைப்புப் போடுகிறீர்கள். எனக்கு அந்தத் தலைப்புகள் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ‘செக் வைப்பது’ என்று தமிழில் சொல்லும்போது பழைய பொருள் அப்படியே இருக்கிறது, எதிரே ஒரு பெரிய ஆள், அவரை நோக்கி ஒரு காய், இனி அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் ‘சரிபார்’ என்ற பொருளில்தான் இப்போது கேட்கிறோம், “மெயில் செக் பண்ணியா?” என்கிற மாதிரி. ராஜாவைத் தாக்குகிற பழைய வேகம் நம் டீக்கடை அரசியல் பேச்சில் இன்னும் இருக்கிறது. இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “அப்போ செக் டேம்ல தண்ணிக்கு செக் வைக்கிறாங்களா மிஸ்?” என்றாள். அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு முழுக்கதையும் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அந்தப் பெட்டிச் செய்திக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், மாணவர் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாவது, பொருள் பட்டியலோடு சொல்லின் வரலாற்றையும் நாலு வரி சேர்த்து வெளியிடுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் நல்ல அகராதியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு. கிரிக்கெட் ‘பேட்’டும் வவ்வாலைக் குறிக்கும் ‘பேட்’டும் வேறு வேறு வேர்கள், அவற்றுக்கு உறவு கற்பிக்கக் கூடாது. பணம் போடும் ‘பேங்க்’கும் ஆற்றங்கரையைக் குறிக்கும் ‘பேங்க்’கும் அப்படி இல்லை. ஒன்று இத்தாலியில் பணம் மாற்றுகிறவர்கள் உட்கார்ந்த பலகையிலிருந்து வந்தது, மற்றது வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, இரண்டும் மேலே போய் ஒரே ஜெர்மானிய வேரில் சேருகின்றன. அடுத்த சொல்லாக ‘பேங்க்’கை எடுக்கலாம். இடம் ஒதுக்கினால் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள், சரிபார்த்து அனுப்ப வேண்டியது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
திருச்சி மாவட்டம்